சஹனில் தனித்த மருமகன்

ஞாயிறு

இன்று எழுதும் கதையை ஜின்கூட நம்பாது. மருமகன் சமைக்கும் உல்லாசக் கப்பலில் போன மாதம் வயிற்றோட்டம் பரவியது. வெள்ளைக்காரரெல்லாம் ஒரே நேரத்தில் கழிவறைக்கு ஓடியதில் கப்பலே சரிந்துவிட்டது.

இதைக் கல்முனை முழுக்கச் சொன்னேன். பலன், இன்று கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் அவன் தனியே இருந்தான். ஒருவரும் கிட்டப் போகவில்லை. நான் போய் எதிரே அமர்ந்தேன்.

"பயமில்லையா மாமா?"

"அது எப்பிடி மகன் பரவுது? அதச் சொல்லு முதல்ல."

"கையாலதான். கையில பூசுற கிருமி மருந்துக்கு அது சாகாது. சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும்."

"நோயாளிக்கிட்ட நீ போனியா?"

"ஓம். கஞ்சி குடுக்க வேற ஒருத்தரும் போகல்ல."

இருவரும் எழுந்து கை கழுவி வந்து, ஆறு பேர் சோற்றையும் முடித்தோம்.

கப்பல் சரியவில்லை, அது நான் கட்டிவிட்டது. நோய் பரவியதும் அவன் கஞ்சி கொண்டுபோனதும் உண்மை. அந்தக் கஞ்சியைத்தான் நான் இன்னும் ஊருக்குச் சொல்லவில்லை.