மஞ்சள் பல்பு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சௌக்கியந்தானே? உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். கல்லீரல் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தால் கண்ணெல்லாம் மஞ்சள். காமாலை திரும்பிவிட்டது என்று பயந்து, லாண்டரி வேலைக்கு லீவு என்று மெசேஜ் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பழைய அளவுதான். நம் பாஷை பேசும் நர்ஸ் ஒருத்தி இருந்தாள்.

"கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு! தினம் எத்தனை தடவை கண்ணாடி பாப்பீங்க?"

"பத்து, பதினைஞ்சு இருக்கும்."

"இந்த நோய் இருக்கிற நிறைய பேருக்கு இப்படிப் பயமும் மனச்சோர்வும் வரும். அதுக்கும் டாக்டர் இருக்காரு, அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. சரி, இன்னைக்கு யார்கிட்டயாவது பேசினீங்களா?"

அறையில் மற்றவர்களுக்கெல்லாம் வேறு ஷிப்ட், லாண்டரியில் மிஷின் சத்தத்தில் பேச முடியாது. யோசித்துப் பார்த்தால், மூன்று நாளில் நான் பேசிய முதல் ஆள் அவள்தான்.

திரும்பி வந்து பார்த்தால், குளியலறையில் எவனோ டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு மாட்டியிருக்கிறான்! சிரிக்காதே. வெள்ளிக்கிழமை கட்டாயம் போவேன்.

பாப்பா கிறுக்கிய பழைய நோட்டு ஒன்று அனுப்பு. கண்ணாடிக்குப் பதிலாக அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

லாண்டரி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். ஒன்று மட்டும். போனில் 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்காதே, அந்த நர்ஸ் கடைசியாகக் கேட்டதைக் கேள். நன்றாக இருக்கிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. மேலே பார், கையும் அப்படியே எழுதியிருக்கிறது.

பாப்பாவின் அப்பா