காலையில் கேட்காத கேள்வி

செப்டம்பர் 18, வியாழன். கடலூர்.

கமலாவின் உடம்பு வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் தெரிந்த நாளிலிருந்து, அவள் எழுந்ததும் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பது என் வழக்கம். நேற்று சிதம்பரத்தில் பார்த்த மனநல ஆலோசகர் அதைக் கேட்க வேண்டாம் என்றார். கேட்கக் கேட்க உங்கள் மனைவியின் கவனம் வலியிலேயே நிற்கும், வேறு ஏதாவது பேசுங்கள் என்றார்.

இன்று காலை காபியைக் கொடுத்துவிட்டு, பேச எதுவும் தோன்றாமல் நின்றேன்.

"என்னங்க, என் மேல கோவமா?" என்றாள்.

"இல்ல. கீரை வாங்கப் போறேன்."

"நீங்க போனா முத்துனதாத்தான் வாங்கியாருவீங்க. நானும் வரேன்."

பல மாதங்களுக்குப் பிறகு தெருமுனை வரை நடந்தாள். திரும்பும்போது நடை தளர்ந்தது. கேள்வி வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அக்கறை விட்டுப்போனது என்று நினைத்திருப்பாளோ?

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தவள் தானாகவே சொன்னாள்: "ரொம்ப வலிக்குதுங்க. ஆனா கீரை எளசு."

அவளே சொன்னால் என்ன பதில் சொல்வதென்று ஆலோசகரிடம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு கீரை ஆய்ந்தேன்.