பீலிக்கரையில் விழுந்த மோதிரம்

நண்பா,

இன்று காலை உன் மெட்டல் டிடெக்டரின் ஹெட்போனை முதன்முதலாகக் காதில் மாட்டினேன். பஞ்சு முழுக்க நீ நெற்றியில் தேய்க்கிற தைல வாசம். உன் வீட்டு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

மார்கழியில் நத்தார் குளிர் தொடங்கினால் ரத்தோட்டைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எல்லாருக்கும் விரல் சுருங்கிப்போகும். மலையிலிருந்து வந்து விழுகிற பீலித் தண்ணீரில் கை வைத்தால் மோதிரம் நழுவிவிடும். உடனே உன்னைத் தேடி வருவார்கள். நீ மெஷினைப் பிடித்துச் சத்தம் கேட்பாய், நான் தோண்டுவேன். ஒருமுறை ஒரு வீட்டுப் பீன்ஸ் பாத்தி முழுவதையும் கிளறவைத்தாய். எங்கே வைத்தாலும் மெஷின் கத்தியது. கடைசியில் என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"டேய், நீ கிட்ட வந்தாத்தான் கத்துது. இடுப்புல என்னடா?"

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி! அந்தக் குளிர்காற்றிலும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தோம். பாத்திக்குச் சொந்தக்காரி கோபத்தில் தேத்தண்ணி கூடத் தரவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு உன் ஸ்டெல்லா பாதியாக இளைத்துவிட்டாள். நேற்றுப் பீலியில் லீக்ஸ் கழுவும்போது, கல்யாணத்தன்று கோயிலில் நீ போட்டுவிட்ட மோதிரம் விழுந்துவிட்டது.

"அண்ணே, அதுவும் போயிட்டா எனக்கு அவரு குடுத்ததுன்னு என்னா இருக்கு? நீங்கதான் வந்து தேடணும்" என்று அழுதாள். உன் மனைவி கேட்டு எப்படி மாட்டேன் என்பது?

பனிமூட்டத்தில் கை விறைத்துப்போயிற்று. ஆணி கிடைத்தது, டின் மூடி கிடைத்தது. எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுபோலத்தான் கேட்டது. உன்மேல் கோபம்கூட வந்தது, இதைச் சொல்லித்தராமல் போய்விட்டாயே என்று. மதியத்துக்குப் பிறகு, தண்ணீர் ஓடுகிற கானின் ஓரத்தில் மெல்லிய சத்தம் ஒன்று. சேற்றை அள்ளிப் பிசைந்தேன். மோதிரம்!

"கிடைச்சிருச்சுடா!" என்று கத்திக்கொண்டே பின்னால் திரும்பினேன்.

அங்கே பனிதான் இருந்தது.

ஸ்டெல்லா ஓடிவந்து வாங்கினாள். நழுவாமல் இருக்க நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெஷின நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்றாள்.

தோளில் மாட்டிக்கொண்டு தனியாக இறங்கி வந்தேன். இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. யாராவது வந்து கூப்பிட்டால் போவேன். ஆனால் ஏதாவது கிடைத்ததும் திரும்பி உன்னைப் பார்க்கிற பழக்கத்தை என்னால் விட முடியாதுடா.