மாத்திரை டப்பா உன் அலமாரியில்

அக்கா,

நீ அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை. சாதம் குக்கரில் இருக்கிறது. முட்டை இரண்டு அவித்து வைத்திருக்கிறேன். பிளம்பர் பதினோரு மணிக்கு வருவார். குளியலறைக் குழாயை மட்டும் காட்டு. அவர் பேச்சில் மயங்கி வேறெதையும் மாற்றச் சொல்லிவிடாதே.

நான் கடைக்குப் போகிறேன். மனச்சோர்வு திரும்பியது, டாக்டர் மாத்திரையை மாற்றியது, எல்லாவற்றையும் முதலாளியிடம் போனில் சொல்லிவிட்டேன். கை நடுங்குவதால் கொஞ்ச நாள் லென்ஸ் தேய்க்க வேண்டாம், மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள் என்றார். "சிரிக்க முடியலன்னாலும் பரவாயில்ல, உக்காந்து தூங்கிடாதே" என்று வேறு சொன்னார்.

நேற்று என் அறையிலிருந்து நீ மாத்திரை டப்பாவை எடுத்தபோது, "நான் என்ன கொழந்தையா?" என்று கத்தினேன். நீ அதை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாய். இப்போது நானே உன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி உன் கைப்பையில். புதியது காலையில் ஒன்று, இன்றைக்குப் போட்டாயிற்று. பழையது ராத்திரி சாப்பிட்டபின் பாதி. இனி நீயே எடுத்துக் கொடு. மொத்தமும் என் கையில் இருந்தால் எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. டாக்டரிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: "மறுபடியும் வந்துடுச்சே" என்று நீ சமையலறையில் அழுதது எனக்குக் கேட்டது. போன முறை உன்னிடம் சொல்ல எனக்கு நாலு மாதம் ஆனது. இந்த முறை ஒன்பதே நாளில் சொல்லிவிட்டேன், அக்கா.