இரண்டு விரல் இறக்கம்

லஸ்ஆத் அண்ணா,

குஸ்குஸை அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். காரம் போதாதென்று கத்தாதே, ஜாடியில் ஹரிஸா இருக்கிறது. பட்டறைச் சாவி வழக்கமான ஆணியில்.

வண்டி தூக்கும் ஜாக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஆமாம், நீ தொடாதே என்றதைத்தான். உள்ளே இருந்தது ஜாக் எண்ணெய் இல்லை, பிரேக் ஆயில். ரப்பர் வளையங்கள் ஊறிய ரொட்டிபோல் உப்பிப் போயிருந்தன. ஊற்றியது யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் நேற்று ஹமாதி மாமா முன்னால், "இவ கை பட்டதிலேர்ந்துதான் ஜாக் தானா இறங்குது. சாயங்கால வகுப்புக்காரி நோட்டோட நிறுத்திக்கட்டும்" என்று சொன்னது நீ. அவரும் சிரித்தார்.

புது வளையங்கள் போட்டு, சரியான எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றினேன். பிறகு அவருடைய வேனைத் தூக்கி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு விரல் இறங்கிவிட்டது. வால்வில் மண் இருக்கலாம். நானே வளையத்தைத் திருப்பிப் போட்டிருக்கலாம். வேனைக் கீழே இறக்கிவிட்டேன்; ஜாக்கை நாளை மறுபடி கழற்றுவேன்.

ஆறு மணிக்கு அவர் வேனை எடுக்க வருவார். வேனின் வேலை முடியவில்லை என்று சொல். என்னால்தான் என்றே சொல்லிக்கொள்.

ராவ்தா

பி.கு.: அவர் அவசரப்படுத்தினால் வேனைத் தூக்கி, முட்டுக்கூடக் கொடுக்காமல் அடியில் படுத்துவிடுவாய். போன வாரமும் அப்படித்தான் படுத்திருந்தாய். அதனால் ஜாக்கை ஏற்றும் கைப்பிடியை என் பையில் எடுத்துப் போகிறேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வகுப்புக்குப் போகும் ஸ்ஃபாக்ஸ் பேருந்தில் பார்த்துச் சிரிப்பார்கள். அது பழகிவிட்டது.