ஒன்றே முக்கால் இஞ்ச்

மார்ச் 3, செவ்வாய்

இன்று தைத்தது ஆறு பேன்ட், ஒரு கோட். காஜா மெஷின் மறுபடி மக்கர்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி வேலையிலிருந்து வந்து, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டேன். "சும்மா காத்து வாங்கறேன்" என்றாள். காற்று வாங்குகிறவள் எதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்?

மார்ச் 5, வியாழன்

எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார், ஜன்னல் வழியாக வாசலில் நின்ற ஸ்கூட்டரையும் பார்த்தார். "ஆறடி ஒரு இஞ்ச்ங்கிறீங்க, ஓட்டுறது இதையா? முழங்கால் ஹேண்டில்ல இடிச்சா முதுகு வளையாம என்ன செய்யும்? வண்டியை மாத்துங்க, இல்லன்னா வேலையை மாத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆபீஸிலும் அதே பாட்டு. 31ஆம் தேதிக்குள் 'வெளிவேலைக்குத் தகுதி' என்று டாக்டர் கடிதம் தர வேண்டும். தராவிட்டால் கீழ்த்தளத்து ரெக்கார்டு அறை. இவள் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுப்பவள். காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் முப்பத்தொரு இடம், முப்பத்தொரு பாட்டில், கடைசியாக மேட்டு அணை. தண்ணீர்த் தொட்டி ஏணியில் விறுவிறுவென்று ஏறுவாள். ஸ்டூலில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் இவளைப் பார்த்து வாய் பிளப்பது எனக்கு நிற்கவில்லை.

திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அந்த ரூம்ல ஜன்னலே இல்லங்க."

மார்ச் 8, ஞாயிறு

புது வண்டி நம் கைக்கு எட்டாது. செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள்தான். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. வண்டியும் ஒரு சட்டைதான்! உட்காருகிற இடம், கால் வைக்கிற இடம், கை பிடிக்கிற இடம் என்று மூன்று புள்ளி. மூன்றும் உடம்புக்குப் பொருந்தினால் முடிந்தது. பொருந்தாவிட்டால் எவ்வளவு மினுக்கினாலும் அது அடுத்தவன் சட்டை.

இவளை வெட்டுமேஜை ஓரத்தில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து குதிகால் என்று அளந்து, பேட்டர்ன் அட்டையில் காலை அப்படியே வெட்டினேன். அதன்மேல் முதுகு, கை.

"முதுகை அளக்கலையே?"

"உன் முதுகு எனக்கு மனப்பாடம்மா. எதுக்கு வீணா அளந்துக்கிட்டு?"

சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 14, சனி

அட்டை மனுஷியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு இடம் ஏறி இறங்கினோம். முதல் கடைக்காரன், "வண்டி வாங்க வந்தீங்களா, பேன்ட் தைக்க வந்தீங்களா?" என்றான். இரண்டாவது இடத்தில் ஒரு நீல வண்டி ஓரளவு பொருந்தியது, ஒரே உதையில் கிளம்பவும் செய்தது. எனக்கு வாயெல்லாம் பல். இவள் எஞ்சின் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "சூடா இருக்கு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்காரு. குளிர்ந்தா கிளம்பாது, வாங்க போலாம்."

இது எனக்குத் தோன்றுமா? பத்து ஜென்மத்துக்கும் தோன்றாது.

மார்ச் 15, ஞாயிறு

இன்று ஒரு மீசைக்காரரின் பழைய வண்டி யார்டு. மீசையை எடுத்துவிட்டால் ஆளில் ஒன்றும் மிஞ்சாது, அப்படியொரு மீசை. ஒரு கறுப்பு வண்டி காட்டினார். எஞ்சின் ஜில்லென்று இருந்தது, இரண்டாவது உதையில் கிளம்பியது. அட்டையை வைத்துப் பார்த்தேன் – கால், கை, முதுகு எல்லாம் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கூப்பிடலாம் என்று திரும்பினால் இவளைக் காணோம். யார்டின் கோடியில், சுவரோரம், கரடுமுரடான பாதைக்கென்றே செய்த ஒரு பச்சை வண்டி நின்றது. பொல்லாத உயரம். மீசைக்காரர் அதில் மழைக்கோட்டு மாட்டி வைத்திருந்தார். இவள் கோட்டை எடுத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதமும் தரையில்.

எப்படி எழுதுவது? அது இவள்தானா என்று ஒரு நொடி தெரியவில்லை. கழுத்து எங்கே இருந்தது இத்தனை நாள்? அந்தப் பாழடைந்த யார்டில் இவள் ஒருத்திதான் தெரிந்தாள்.

"ரெண்டு வருஷமா நிக்குது. யாருக்கும் கால் எட்டல. இது வித்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்" என்றார் மீசைக்காரர்.

அட்டையை வைத்தேன். ஹேண்டில் மூன்று இஞ்ச் மேலே, நெஞ்சுக்குக் கிட்டேயும் வந்துவிட்டது. "ஒத்து வரல" என்றேன். இறங்கி, மழைக்கோட்டை மறுபடி அதில் மாட்டினாள். கறுப்புக்கு முன்பணம் கொடுத்தேன். இங்கே ஒரு நல்ல வழக்கம்: நம் ஸ்கூட்டரை அங்கே விட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம்.

கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அட்டையை நம்பினேன். ஏன்?

மார்ச் 17, செவ்வாய்

ஓட்டிவிட்டு வந்தாள். "முழங்காலுக்கு சொர்க்கம்" என்றாள்.

கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மார்ச் 18, புதன்

எழுதியே ஆகணும்.

காலையில் கடையைத் திறந்ததும் இவளைக் கதவில் சாய்ந்து நிற்கச் சொன்னேன். தலைக்கு மேல் சாக்பீஸ் கோடு போட்டேன். ஆறடி ஒரு இஞ்ச், எப்போதும் போல. "அந்தப் பச்சை வண்டியில உக்காந்த மாதிரி நில்லு" என்றேன். கொஞ்சம் தயங்கினாள். பிறகு நிமிர்ந்தாள். நிமிர்ந்துகொண்டே போனாள். ஸ்டூல் போட்டு ஏறித்தான் இரண்டாவது கோட்டைப் போட்டேன்.

ஒன்றே முக்கால் இஞ்ச் மேலே.

அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வருஷம், என் கையெழுத்து. முன்பக்கம் குறைவு, பின்பக்கம் கூடுதல். கூன் விழுந்த உடம்புக்குத்தான் அப்படி வெட்டுவோம். அட்டை மனுஷிக்கும் அதே முதுகுதான். நானும் வருஷா வருஷம் அப்படியே வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் தைத்து, "பாரு என் வேலையை" என்று மார் தட்டியிருக்கிறேன். ஏன் இவள் வளைந்து நிற்கிறாள்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டேனா?

இன்று கேட்டேன். முதலில் "பழக்கம்" என்றாள். விடவில்லை.

"கல்யாணப் படத்துல ஆரம்பிச்சது. போட்டோக்காரர் உங்க காலுக்கடியில ரெண்டு செங்கல் வெச்சாரே, ஞாபகம் இருக்கா? செங்கல் பத்தல. அவர் மூணாவது கல்லு தேடப் போனாரு. எல்லாரும் சிரிச்சாங்க, உங்க முகம் சுண்டிப் போச்சு. நான் லேசா மடங்கி நின்னுட்டேன். அப்புறம் தெருவுல, கடையில, உங்க பக்கத்துல நின்னா தானா மடங்கிடும்."

"நான் உன்னை மடங்கச் சொன்னேனா?"

"சொல்லல. எனக்கே தோணுச்சு. எனக்கு அது பாரமா தெரியலங்க."

தெரு முழுக்க எங்களை ஊசியும் பட்டனும் என்பார்கள். நான்தான் முதலில் சிரிப்பேன். எனக்கு ரோஷமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் ரோஷத்தை இவள் முதுகில் சுமந்திருக்கிறாள். தினமும் முப்பத்தொரு பாட்டிலோடு.

இன்று ஒரு துணியும் வெட்டவில்லை.

மார்ச் 19, வியாழன்

விடிந்ததும் கறுப்பு வண்டியைத் திருப்பிக் கொடுக்க அதிலேயே ஓடினோம். யார்டில் பச்சை வண்டிமேல் வேறொருவர்! நல்ல உயரமான ஆள்தான். உட்கார்ந்தார், ஒரு கால் எட்டவில்லை, வண்டி சாய்ந்தது, மீசைக்காரர் ஓடிப்போய் இருவரையும் சேர்த்துத் தாங்கினார். வந்தவர் கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

இவள் ஏறினாள். அட்டையை நான் கொண்டு போகவே இல்லை.

இரண்டு வருஷம் நின்ற வண்டி, எட்டாவது உதையில்தான் கிளம்பியது. புது பேட்டரி, புது டயர், புது செயின் போட்டு சனிக்கிழமை தருகிறேன் என்றார். மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார், பாவம்.

மார்ச் 22, ஞாயிறு

வண்டி நேற்று வந்துவிட்டது. கொண்டுவந்து விட்டவர் யாரென்றே தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மேலுதடு வெள்ளை வெளேரென்று இருந்தது. சொன்ன சொல் தவறாத மனுஷர்.

மார்ச் 27, வெள்ளி

ஐந்து நாளாகக் கேட்டைப் பிடிக்கவில்லை. இறங்கி நேராக உள்ளே வருகிறாள். சட்டைதான் முன்னால் தூக்கிக்கொள்கிறது. தூக்காமல் என்ன செய்யும்!

மார்ச் 31, செவ்வாய்

டாக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். ரெக்கார்டு அறை இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று என்னைப் பின்னால் உட்காரவைத்து மேட்டு அணைக்குக் கூட்டிப் போனாள். ஏறுவதற்கு எனக்கு வாசற்படி தேவைப்பட்டது. வழியெல்லாம் சாலை தெரியவில்லை, மலை தெரியவில்லை. இவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பதினோரு வருஷம் தைத்த முதுகு, முதல் தடவையாகப் பார்த்தேன். வளைவில் வண்டி சாயும்போதுகூட அது நேராகவே இருந்தது.

அணைக் காவலாளி படம் எடுத்துத் தருகிறேன் என்றார். பழக்க தோஷம், நான் காலுக்குக் கீழே கல் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். இவள் லேசாக மடங்கப் பார்த்தாள். "நிமிரு" என்றேன்.

"நிஜமாவா?"

"நிமிரும்மா."

படத்தில் என் தலை இவள் தோளுக்குக் கீழே இருக்கிறது. நான்தான் அதிகமாகச் சிரிக்கிறேன். கடையில் கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே இதை மாட்டப் போகிறேன், வருகிறவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும், முன்பக்கத்தை இறக்கித் தைக்க, இவளுடைய ஐந்து யூனிஃபார்ம் சட்டையையும் பிரித்துப் போட்டேன். கீழ்மடிப்புக்குள் எப்போதும் இரண்டு இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்பேன். போதும்.