கீழே காட்டிய அம்பு

இன்று காலை ஈப்போவில், எங்கள் கிடங்கில், யாரோ தடித்த கறுப்பு மார்க்கரின் மூடியைத் திறந்தார்கள். ஈரக் களிமண் வாடையோடு அந்த மை வாடையும் சேர்ந்தது. அவ்வளவுதான். கையிலிருந்த படிவத்தை வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன்.

அண்ணே, நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. அனுப்பியதெல்லாம் வேலைச் செய்திகள். எத்தனை மீட்டர், எத்தனை பெட்டி, நாளை மழை வருமா.

முதல் நாள் நினைவிருக்கிறது. மேல் பேராக்கில், செம்பனைச் சரிவுகளுக்கு நடுவே, துளையிடும் இயந்திரத்தை இறக்கிவிட்டு நீங்கள் சுற்றும் முற்றும் பார்த்தீர்கள். வானத்திலிருந்து கல் விழுந்த இடம் என்று உங்களிடம் சொல்லியிருந்தார்கள். அங்கே தெரிந்ததெல்லாம் செம்பனை மரங்கள், ஒரு மாட்டுக் கொட்டகை, பழைய ரப்பர் தோட்டத்தின் இடிந்த தொழிலாளர் லயம்.

"எங்க தங்கச்சி, ஓட்டையே காணோம்?"

"ரொம்பிப்போச்சுண்ணே. விழுந்த குழியில தண்ணி நின்னு ஏரியாச்சு. அடியில சேறு படிஞ்சு படிஞ்சு கல்லாச்சு. அதத்தான் எடுக்கப்போறோம்."

"அப்ப விழுந்த கல்லப் பாக்க வரல. சேத்தப் பாக்க வந்திருக்கோம்."

"ஆமா."

"இதுக்கு டாக்டர் பட்டம் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"எங்க தோட்டத்துல காவா வெட்டுனவனுக்கெல்லாம் குடுத்திருக்கணும் லா."

நான் சிரித்தேன். அதற்குப் பிறகு ஐந்து வாரம் நீங்கள் என்னை 'சேத்து டாக்டர்' என்றுதான் கூப்பிட்டீர்கள்.

உங்கள் கை வேறு வேலையில் பழகிய கை. ஈப்போவில் மாடிக் கட்டடம் எழுப்புவதற்கு முன் அடியில் சுண்ணாம்புப் பாறை பொத்தலாக இருக்கிறதா என்று துளைத்துப் பார்ப்பார்கள். பதினேழு வயதிலிருந்து உங்களுக்கு அந்த வேலை, டிரில்லர் வேலை. குழாயிலிருந்து வெளிவரும் நீண்ட கல்லுருளையை, தளத்தில் எல்லோரும் கோர் என்பதை, நீங்கள் தூங்கும் குழந்தையைக் கைமாற்றுவதுபோல் பெட்டிக்கு மாற்றுவீர்கள். என் கையில் அது இரண்டு முறை உடைந்தது.

ஒரே ஒரு வித்தியாசம். கோரின் ஒவ்வொரு துண்டிலும் ஓர் அம்பு போட வேண்டும். எது மேல், எது கீழ் என்று பிறகு குழம்பாமல் இருக்க. எங்கள் பல்கலைக்கழக வழக்கத்தில் அம்பு நிலத்தின் மேற்பரப்பை நோக்கி, மேலே காட்டும். உங்கள் குழு பழகிய அம்பு கீழே காட்டும்.

"நாங்க கீழதான போறோம்? அம்பு மட்டும் மேல பாத்துக்கிட்டு நின்னா எப்படி?"

அதனால் அம்பு போடும் வேலையை எங்கள் மாணவர்களே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு நாள் தவிர.

அன்று மதியம் பெருமழை. மாணவர்கள் வேனுக்குள் ஓடிவிட்டார்கள். குழாய் பாதியில் இருந்ததால் நீங்கள் நிறுத்தவில்லை. இரண்டு பெட்டிக் கோரை நீங்களே எடுத்து, துடைத்து, குறித்து, மூடினீர்கள். நான் மேட்டில் ஒரு தார்ப்பாயின் கீழ் நின்றிருந்தேன். அங்கே மட்டும்தான் கைப்பேசிக்கு அலை கிடைக்கும். வெளிநாட்டு மாநாடு ஒன்று என் கட்டுரையை ஏற்றுக்கொண்ட செய்தி அப்போதுதான் வந்திருந்தது. நீங்கள் நனைந்துகொண்டே மேடேறி வந்தீர்கள்.

"தங்கச்சி, ரெண்டு பெட்டி நான் போட்டுட்டேன். பழக்கதோசம், அம்பு கீழ காட்டுது. ஈரத்துல அழிச்சா மை பரவிக்கும். நோட்டுல எழுதிக்கிங்க."

"சரிண்ணே."

"எழுதிக்கிங்க."

"சரிண்ணே, எழுதிக்கிறேன்."

தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். எழுதவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு பெட்டிகளையும் ஆய்வுக்கூடத்தில் திறந்தேன். எல்லாப் பெட்டிகளையும் படித்ததுபோலவே, அம்பு காட்டுவது மேல்பக்கம் என்றே படித்தேன். ஆழமான நீரில் படிந்த மென்சேறு கீழே. அதன்மேல் கரடான மணல். உச்சியில் வெயிலில் காய்ந்து வெடித்த மண். ஏரி வற்றிச் செத்திருக்கிறது என்று எழுதினேன். ஓர் அத்தியாயம் முழுவதும் அந்தச் சாவைப் பற்றி. நன்றாகவே எழுதியிருந்தேன்.

துறைக் கருத்தரங்கில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா ஒரு கேள்விதான் கேட்டார். காய்ந்த மண்ணில் விழும் வெடிப்பு மேலே அகன்று கீழே போகப் போகக் குறுகும். உங்கள் படத்தில் தலைகீழாக இருக்கிறதே, ஏன்?

படத்தைப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. முதலில் காய்ந்த தரை. பிறகு மணல். அப்புறம் நீர். ஏரி சாகவில்லை, வந்துகொண்டிருந்தது.

மழையும் தார்ப்பாயும் அந்த நொடியே நினைவுக்கு வந்தன. அதைச் சொல்லிவிடுகிறேன்.

பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். இந்தப் பெட்டிகளில் குறி போட்டது யார் என்று கேட்டார்.

"டிரில்லர்" என்றேன்.

பொய் இல்லை. குறித்தது நீங்கள்தான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன், அவரே மீதியை எழுதிக்கொண்டார். கவனக்குறைவு என்று உங்களை வேலைக்கு வைத்திருந்த குத்தகைக்காரருக்கு ஒரு கடிதம் போனது. பல்கலைக்கழக வேலை கைவிட்டுப் போய்விடும் என்று அவர் பயந்தார். இயந்திரத்திலிருந்து உங்களை எடுத்துக் குழாய் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போட்டார். இருபது வருடத் தொழில். ஒரு மாதம் பொறுத்திருந்துவிட்டு விலகிக்கொண்டீர்கள்.

தெலுக் இந்தானில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாமாக் தேநீர்க் கடைக்கு நீங்கள்தான் என்னை வரச் சொன்னீர்கள். அப்போது செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் கத்தப்போகிறீர்கள் என்று நினைத்து வந்தேன். பால் விடாத தே ஓ இரண்டு சொன்னீர்கள்.

"வேல போனதப் பத்திப் பேச வரல. எம்மேல தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. சொல்லட்டும். நான் உங்ககிட்ட சொன்னனா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கே சந்தேகமாப் போச்சு."

'எனக்கே சந்தேகமாப் போச்சு' என்றீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் ஞாபகத்தை உங்களிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரு சொல் போதும்.

"ஞாபகம் இல்லண்ணே" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"படிச்சவங்களுக்கு ஞாபகம் நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

மீதித் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தீர்கள். என்னைப் பார்க்காமலேயே, "வாரேன்" என்றீர்கள்.

அடுத்த ஆண்டு பாகான் டத்தோவில், லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே உங்கள் இதயம் நின்றது. நான் கொன்றேன் என்று எழுதப்போவதில்லை. அப்படி எழுதினால் சோகம் வந்து நடந்ததை மூடிவிடும். நான் செய்தது அதைவிடச் சின்னது.

துக்கத்துக்கு வந்தேன். உங்கள் மனைவி என்னை யாரென்று தெரியாமல் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஆபீஸ் ஆளா?"

"ஆமாக்கா. மேல் பேராக்குல, அந்தக் கல்லு வேலையில கூட இருந்தேன்."

"அதத்தான் சொல்லிக்கிட்டே இருப்பாரு. நான் சொன்னேன், நான் சொன்னேன்னு. யார்கிட்ட என்ன சொன்னாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு. கடைசியில அவரே, தப்பு எம்மேலதான் போலன்னுட்டாரு. நீங்க கூட இருந்தீங்கல்ல? தப்பு பண்ற ஆளா அவரு?"

"இல்லக்கா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை அங்கேயே விட்டுவைத்தேன். சொல்ல இன்னும் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அது வரவில்லை. கூட்டம், அழுகை, பூசாரி அவசரப்படுத்தினார் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது எனக்கு வேலை இருக்கிறது. பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறது. எந்தக் குழு கோர் கொண்டுவந்தாலும், வணக்கம் சொல்வதற்கு முன்பே அம்பு எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். அவர்கள் சொன்னதை அவர்கள் எதிரிலேயே எழுதி, படித்துக் காட்டுகிறேன். "அக்கா ரொம்ப கவனம் லா" என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். கவனமான ஆள். எனக்கு அப்படியொரு நல்ல பெயர் கிடைத்திருக்கிறது.

உங்கள் பெயர் என் ஆய்வேட்டில் இருக்கிறது. பின்னிணைப்பில், கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், தகப்பன் பெயரோடு முழுசாக. இரண்டு பெட்டிகளைத் தவறாகக் குறித்தவர் என்று. நூலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

இந்த மடலில் அந்தப் பெயரை எழுதி எழுதி அடித்துவிட்டேன். எழுதினால் இதைப் படிப்பவர்கள் ஆய்வேட்டைத் தேடி எடுத்துவிடுவார்கள். அதன் அட்டையில் என் பெயர் இருக்கிறது.